கண் சிவக்கவில்லை, அப்புறம் ஏன் உறுத்துகிறது?

கேள்வி: எனக்கு வயது 22. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய். அரிப்பு வந்தால் கசக்காமல் இருக்க முடியவில்லை. இது அழற்சி நோய் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் உறுத்தல் எதனால்? கருவிழியில் நரம்புகள் தடித்துத் தெரிவதாகவும் சொன்னார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: நரம்பு தடித்துத் தெரிவது இந்த நோயில் பலரிடம் நாங்கள் பார்க்கும் அடையாளம்தான். அதை நினைத்துத் தனியாகப் பயப்பட வேண்டாம்.

அழற்சி இல்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்ததற்குக் காரணம் உண்டு. கண் சிவப்பதில்லை, வீங்குவதில்லை. ஆனால் நோயாளிகளின் கண்ணீரைச் சோதித்தபோது இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களும், கொலாஜனை அரிக்கும் எம்.எம்.பி-9 என்ற நொதியும் பலரிடம் கூடுதலாக இருந்தன. கருவிழிக்கு உறுதி தருவதே கொலாஜன் இழைகள்தான். அவை தளர்ந்தால், நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும்.

நரம்புகளும் இதில் தப்புவதில்லை. கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால், கருவிழியின் மேல்படலத்துக்கு அடியில் ஓடும் மெல்லிய நரம்பிழைகள் குறைந்தும் வளைந்து நெளிந்தும் இருக்கும். பலருக்குக் கருவிழியின் தொடு உணர்வே குறைந்துவிடுகிறது. உணர்வு குறைந்த இடத்தில் உறுத்தல் எப்படி என்று கேட்பீர்கள். பாதிக்கப்பட்ட நரம்பு, தூசி எதுவும் படாமலே வலி, எரிச்சல் என்று தப்பான செய்தி அனுப்பக்கூடும். கூடவே கண் வறட்சியோ ஒவ்வாமையோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்தக் கசக்கல்தான். நோயே இல்லாதவர்கள் ஒரு நிமிடம் கண்ணைக் கசக்கினாலே கண்ணீரில் இந்த அழற்சிப் பொருட்கள் கூடுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்த கருவிழி இதைத் தாங்காது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அரித்தால் மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணியை அழுத்தாமல் வையுங்கள். கெடாமல் காக்கும் பொருள் (ப்ரிசர்வேட்டிவ்) கலக்காத செயற்கைக் கண்ணீர் உதவும். ஒவ்வாமைச் சொட்டு மருந்து தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கத்தில் கசக்குகிறீர்களா என்று வீட்டாரையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அழற்சி என்றதும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கண் அழுத்தமும் கண்புரையும் வந்து சேரலாம்.

உங்கள் வயதில் இந்த நோய் வேகமாக நகரக்கூடும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை கருவிழியின் வளைவை அளக்கும் டோப்போகிராஃபி எடுத்து ஒப்பிட வேண்டும். கூம்பு வளர்வது உறுதியானால், ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கொலாஜன் இழைகளை இறுக்கும் கிராஸ் லிங்கிங் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அதன் பிறகு நரம்பிழைகள் இன்னும் குறையும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மீண்டும் வளரும். திடீரென்று பார்வை மங்கி, கண் வலித்து நீர் வழிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.