44 விக்கெட் யார் குற்றம்?

கேள்வி: இந்தியப் பெண்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். இருபது வருஷம் ஆடி டெஸ்டில் எடுத்தது வெறும் 44 விக்கெட். உலகக் கோப்பை ஒன்றுகூட வெல்லவில்லை. வேகமும் 120 கிலோமீட்டர்தான். இதில் என்ன பெரிய சாதனை?

பதில்: 44 விக்கெட் என்று எழுதிய நீங்கள், எத்தனை டெஸ்டில் என்பதை விட்டுவிட்டீர்கள். 12 டெஸ்டில். இருபது ஆண்டில் அவருக்குக் கிடைத்ததே அவ்வளவுதான்.

2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டான்டனில் நடந்த டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இன்னிங்ஸில் 33 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 45 ரன்னுக்கு 5. இங்கிலாந்து மண்ணில் இந்தியப் பெண்கள் முதல்முறையாக டெஸ்ட் தொடரை வென்றது அப்போதுதான். ஜூலனுக்கு வயது 23. வேகப்பந்து வீச்சாளருக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிற வயது. சரி, இப்படி வீசியவர் அடுத்த டெஸ்டை எப்போது ஆடினார் தெரியுமா? 2014 ஆகஸ்டில், 31 வயதில். அந்த எட்டு ஆண்டும் இந்தியப் பெண்கள் அணிக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது. அவரை யாரும் அணியிலிருந்து நீக்கவில்லை, ஆட்டமே வைக்கவில்லை. 2014 நவம்பரிலிருந்து 2021 ஜூன் வரை மறுபடி அதே பட்டினி. பெண்கள் கிரிக்கெட்டை இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் கைக்கு எடுத்துக்கொண்டதும் அந்த 2006-ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதையெல்லாம் ஜூலன் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஆட வாய்ப்பு கிடைத்த இடத்தில் என்ன செய்தார்? 2002 ஜனவரியில் நம் சென்னையில் தொடங்கிய ஒருநாள் பயணம், 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் முடிந்தபோது 204 ஆட்டங்கள், 255 விக்கெட். அன்றைக்கு வேறு எந்தப் பெண்ணும் 200-ஐக்கூட எட்டியிருக்கவில்லை. மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துச் சக்தஹாவிலிருந்து விடியற்காலை ரயிலேறி, கொல்கத்தா போய்ப் பந்து வீசிப் பழகிய பெண் அவர்.

கோப்பை இல்லை என்பது உண்மை. ஆனால் 2017 இறுதிப் போட்டியின் ஸ்கோர் கார்டைப் பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்? 34 வயதில் லார்ட்ஸில் 10 ஓவர், 3 மெய்டன், 23 ரன், 3 விக்கெட். சாரா டெய்லர் கீப்பரிடம் கேட்ச். அடுத்த பந்திலேயே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ. கொஞ்ச நேரத்தில், அரைசதம் அடித்து நின்றிருந்த நடாலி சிவரும் எல்பிடபிள்யூ. இங்கிலாந்தை 228-ல் நிறுத்தியும், கடைசி ஏழு விக்கெட்டை 28 ரன்னுக்குள் இழந்து 9 ரன்னில் தோற்றோம். பந்து வீசியவர் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அதற்கு முந்தைய அரையிறுதியில், ஆஸ்திரேலியாவின் மெக் லானிங்கை ரன் எடுக்க விடாமலே போல்டாக்கியவரும் இவர்தான். 2025 நவம்பரில் நவி மும்பையில் இந்தியா கோப்பையை வென்ற இரவு, கேப்டன் ஹர்மன்பிரீத்தும் மற்றவர்களும் அதைக் கொண்டுபோய் ஜூலன் கையில் கொடுத்தார்கள். அந்தக் கோப்பையில் அவருக்குப் பங்கு உண்டு என்று அதை வென்றவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வேகம். அவர் ஆட வந்த காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டில் 120-ஐத் தொட்டவர்கள் அபூர்வம். ஆண்கள் வேகத்தோடு ஒப்பிட்டுவிட்டு ‘தான்’ போடாதீர்கள். வேகத்தை மட்டும் நம்பியவரும் அல்ல. தன் நல்ல உயரத்திலிருந்து குட் லெங்த்தில் குத்தி, வலக்கை பேட்டருக்கு உள்ளே வருகிற பந்து இருக்கிறதே, அதுதான் அவருடைய சொத்து. கடைசி ஆட்டம் வரை அதை வைத்திருந்தார்.

இன்றைக்கும் இந்தியப் பெண்களுக்கு டெஸ்ட் என்பது எப்போதாவது வருகிற விருந்தாகவே இருக்கிறது. இப்போது வேகப்பந்து வீச வந்திருக்கிற பெண்களுக்காவது ஆண்டுக்கு எத்தனை டெஸ்ட் தரப்போகிறார்கள்? அதைக் கேட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். நகலை எனக்கு அனுப்புங்கள், முதல் பக்கத்தில் போடுகிறேன்.