மரமில்லா வீடு, சட்டி வைத்த தளம்: யாரிடம் வாங்குவது, எதைப் பார்ப்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் நாலு சென்டில் சின்னதாக வீடு கட்டப்போகிறோம். தேக்கு விற்கிற விலைக்கு நம்மால் ஆகாது. காட்டு மரமே வேண்டாம் என்று மகளும் சொல்கிறாள். பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் பெண்கள், கூரைத் தளத்துக்குள் வைக்கச் சட்டி செய்து தருகிறோம் என்கிறார்கள். மேஸ்திரியோ, "சட்டி வைத்த தளம் நிற்காது" என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: தாராளமாக வாங்குங்கள். தளத்தில் அழுத்தத்தைத் தாங்குவது மேல்பகுதிக் கான்கிரீட். கீழே இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு நடுவே கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கூரை ஓடோ மண்சட்டியோ வைத்து வார்ப்பதுதான் ஃபில்லர் ஸ்லாப். எடை குறையும், சிமெண்ட் மிச்சமாகும். கவிழ்த்த சட்டிக்குள் காற்று அடைபடுவதால் வெயிலும் அவ்வளவாக உள்ளே இறங்காது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை இது. 1985இல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனமும் இப்படிக் கட்டித் தருகிறது. மேஸ்திரிக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். கட்டி முடித்த வீடு ஒன்றை அவருக்குக் காட்டுங்கள். கம்பி இடைவெளியை மட்டும் ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுத் தரவேண்டும், அதில் சிக்கனம் வேண்டாம்.

மரமில்லா வீடு என்றதும் எல்லோரும் கதவு நிலையை மட்டும் நினைக்கிறார்கள். அதற்குச் சிமெண்ட் நிலை கிடைக்கிறது. சில சன்னல்களுக்குப் பதில் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தடுப்பு, வைக்கலாம். ஆனால் தளம் வார்க்கும்போது கீழே தாங்கக் கொடுக்கும் சென்டரிங் பலகையும் முட்டுக்கம்பும் மரம்தான், அது யார் கண்ணிலும் படுவதில்லை. இரும்புத் தகடும் ஜாக்கியும்தான் போடவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஆப்பிரிக்காவின் நைஜரில் மரமும் சென்டரிங்கும் இல்லாமல் பச்சை மண்கல்லால் வளைகூரை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மரம் அருகிப்போன வறண்ட நாட்டுக்கு அது அருமையான வழி. நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு ஆகாது.

சரி, சட்டி வாங்கும்போது என்ன பார்ப்பது? தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசலோ அரைவேக்காடோ இருக்கும். உயரம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும், அதுதான் தளத்தின் கனத்தைத் தீர்மானிக்கும். அதனால் பொறியாளர் சொல்லும் அளவில் ஒரு மாதிரிச் சட்டி செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லுங்கள். உடைவதற்கென்று கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். வார்ப்பதற்கு முன் நன்றாக நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தைச் சட்டி குடித்துவிடும்.

உங்கள் மகள் அடுத்து கேட்கப்போவது எனக்குத் தெரிகிறது: சட்டி சுடவும் விறகு வேண்டுமே? வேண்டும்தான். அந்தப் பெண்களிடமே சூளைக்கு என்ன எரிக்கிறார்கள் என்று கேளுங்கள். தேங்காய் மட்டை, சிரட்டை, வைக்கோல் என்றால் காட்டுக்குப் பாரமில்லை. திறந்த சூளையைவிடச் சுவர் வைத்த சூளைக்கு எரிபொருள் குறைவு. ஆனால் சூளை கட்ட முன்பணம் வேண்டும். மண்ணை மிதித்து, தட்டி, தலைச்சுமையாக விற்றுவந்த பெண்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அதனால் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். இடைத்தரகர் வேண்டாம். சட்டிக்கு ஒரு ரூபாய் குறைத்துப் பேசி உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. அவர்களுக்கு அதுதான் கூலி. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்தபிறகு வயல் மண் எடுப்பதும் எளிதில்லை. மண் விலையும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

அளவு, எண்ணிக்கை, தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தக்காரர் சொன்னபடி செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போகவேண்டும்.

அப்புறம், மழைக்காலத்தில் பச்சைச் சட்டி காயாது. தை, மாசியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.