வாசகர் கேள்வி பதில்: டிரைவ் போட்டா கரண்ட் பில் குறையுமா?

கேள்வி: எங்க ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃப்ரேமுக்கெல்லாம் (நூல் நூற்கிற மெஷின்) விஎஃப்டி பெட்டி, அதான் மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ், மாட்டியிருக்காங்க. உள்ள என்னதான் நடக்குது? வீட்டு ஃபேன் மாதிரி வோல்டேஜைக் குறைச்சா மோட்டார் மெதுவா ஓடாதா? (கோவை வாசகர்)

பதில்: ஃபேன் ரொம்ப லேசான லோடுங்க, அதனால வோல்டேஜைக் குறைச்சாலும் சமாளிச்சுக்குது. மில்லு மோட்டாருக்கு அப்படிப் பண்ணினா இழுவை போயிடும், லோடை இழுக்க முடியாம கரண்டை வாங்கி வாங்கி சூடாகி கடைசில வைண்டிங் எரிஞ்சுதான் நிக்கும். த்ரீ ஃபேஸ் மோட்டார் வேகத்தை முடிவு பண்றது ஃப்ரீக்வென்சியும் (கரண்ட் செகண்டுக்கு எத்தனை சுழற்சி அடிக்குதுங்கிறது) மோட்டார்ல இருக்குற போல், அதாவது காந்த துருவ எண்ணிக்கையும்தான். நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், மோட்டார் 4 போல்னா உள்ள காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும், ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி 1440 போல ஓடும், நேம் பிளேட்லயும் அதான் இருக்கும். போலை நெனச்ச நேரம் மாத்த முடியாது, அதனால ஃப்ரீக்வென்சில கை வைக்கிறாங்க.

டிரைவ் வர்ற 415 வோல்ட் ஏசியை முதல்ல டையோடு பிரிட்ஜ் வழியா டிசியா மாத்துது, அது பெரிய கப்பாசிட்டர்ல 560ல இருந்து 590 வோல்ட் வரைக்கும் நிக்கும். அப்புறம் ஐஜிபிடின்னு 6 சுவிட்ச், செகண்டுக்குப் பல ஆயிரம் தடவை ஆன் ஆஃப் ஆகி அந்த டிசியைத் துண்டு துண்டா நறுக்கி அனுப்புது. ஒவ்வொரு துண்டோட அகலத்தையும் கூட்டிக் குறைச்சு, நாம கேட்ட ஃப்ரீக்வென்சில மோட்டாருக்குள்ள கரண்ட் நெளிஞ்சு ஓடுற மாதிரி பண்ணிடுது. மோட்டார் பக்கத்துல நின்னா 'கீ'ன்னு மெல்லிசா ஒரு விசில் கேக்குமே, அது இந்த நறுக்குற சத்தம்தான். ஃப்ரீக்வென்சியைக் குறைக்கிறப்ப வோல்டேஜையும் அதே அளவுக்குக் குறைக்கும், 25 ஹெர்ட்ஸ்னா ஏறக்குறைய 207 வோல்ட். இல்லேன்னா மோட்டார் இரும்புல காந்தம் தாங்க முடியாத அளவுக்கு ஏறி சூடாயிடும்.

ரிங் ஃப்ரேம்ல இதோட அருமை நல்லாத் தெரியும். நூல் பாபின் அடியில ஏற ஆரம்பிக்கிறப்பவும் உச்சிக்கு வர்றப்பவும்தான் அறுபடுறது ஜாஸ்தி, அந்த ரெண்டு நேரமும் வேகத்தைக் குறைச்சு நடுவுல ஏத்தி ஓட்டலாம். முன்னாடியெல்லாம் வேகம் மாத்தணும்னா மெஷினை நிறுத்தி புல்லியைக் கழட்டி வேற புல்லி மாட்டணும்.

கேள்வி: டிரைவ் போட்டா கரண்ட் பில் பாதியாயிடும்னு ஒரு ஏஜென்ட் சொல்றார், நம்பலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: எந்த மோட்டாருக்குன்னு கேளுங்க. ஃபேன், ப்ளோயர், சென்ட்ரிஃபியூகல் பம்பு மாதிரி லோடுல வேகம் குறைஞ்சா பவர், அந்த வேக விகிதத்தை மூணு தடவை பெருக்கின அளவுக்குக் குறையும், அதாவது 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினா 0.8 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.8, பாதிக்கிட்ட வந்துடுது. மில்லுல ஈரக்காத்து குடுக்குற ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனை முழு வேகத்துல ஓட்டிட்டு, காத்தைத் தடுக்குற டேம்பர் தகட்டை மூடி வைக்கிற இடத்துல டிரைவ் போட்டா நெசமாவே மிச்சம்தான். ஆனா நாள் முழுக்க முழு லோடுல முழு வேகத்துல ஓடுற மோட்டாருக்குப் போட்டா ஒண்ணும் மிச்சமில்ல, டிரைவே நூத்துக்கு 2, 3 சதவீதம் சூடா வெளியவிடும். ஆழ்துளை போர்வெல்லுக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீங்க, 300 அடி ஆழத்துல இருந்து தண்ணி ஏறணும்னா ஒரு வேகத்துக்குக் கீழ போனா மோட்டார் சுத்தும், தண்ணி மேல வராது.

கேள்வி: அண்ணா, சின்னதா மாவு மில் வச்சிருக்கேன். 2 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் கைல இருக்கு, வீட்ல சிங்கிள் ஃபேஸ் லைன்தான். ஓட்ட வழி இருக்கா? (உடுமலை வாசகி)

பதில்: இருக்கும்மா. சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் குடுக்குற டிரைவ் 3 ஹெச்பி வரைக்கும் தாராளமா கிடைக்குது. ஆனா வெளிய வர்றது 415 இல்ல, 220 சொச்சம்தான். சின்ன மோட்டார் பெரும்பாலும் ஸ்டார்ல (வைண்டிங்கை இணைக்கிற ஒரு முறை) கட்டியிருக்கும், டெர்மினல் பாக்ஸைத் திறந்து டெல்டாங்கிற இன்னொரு இணைப்புக்கு மாத்தணும், நேம் பிளேட்ல 230/400ன்னு மாதிரி ரெண்டு வோல்டேஜ் போட்டிருந்தா தைரியமா பண்ணலாம். ரொம்ப மெதுவா வச்சு ரொம்ப நேரம் அரைக்காதீங்க, பின்னாடி இருக்குற கூலிங் ஃபேனும் அதே ஷாஃப்ட்லதான் சுத்துது, அதுவும் மெதுவாயிட்டா மோட்டார் கொதிக்கும்.

கேள்வி: புது டிரைவ், புது மோட்டார், ஆனா ஸ்டார்ட் பண்ணினவுடனே ஓவர் கரண்ட்னு ட்ரிப் ஆகுது. (ஈரோடு வாசகர்)

பதில்: மோட்டார் பக்கம் பவர் ஃபேக்டர் கப்பாசிட்டர் (பவர் ஃபேக்டரைச் சரிபண்ண மோட்டாரோட சேர்த்து மாட்டுறது) தொங்குதான்னு முதல்ல பாருங்க. ஒரு மில்லுல பழைய ஸ்டார்டரை எடுத்துட்டு டிரைவ் போட்டாங்க, நானும் அரை நாள் டிரைவ் செட்டிங்கை மாத்தி மாத்திப் பாத்தேன், கேபிளை மெக்கர் பண்ணினேன், அதாவது அதிக வோல்டேஜ் குடுத்து இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பாத்தேன் (டிரைவைக் கழட்டிட்டுதான், இல்லேன்னா மெக்கர் வோல்டேஜ்ல ஐஜிபிடி போயிடும்). கடைசில மோட்டாருக்குப் பின்னாடி, பஞ்சுத் தூசி மூடி, பழைய கப்பாசிட்டர் அப்படியே லைன்ல இருந்துச்சு. அதைக் கழட்டினவுடனே ஓடுச்சு. டிரைவ் அவுட்புட்ல கப்பாசிட்டர் இருக்கவே கூடாது, நறுக்கி வர்ற வோல்டேஜை அது மொத்தமா உறிஞ்சி கரண்டை எகிற வைக்கும். அப்படியே ஹீட் சிங்க் ஃபேனையும் ஊதி சுத்தம் பண்ணிடுங்க, நம்ம பக்கம் பாதி டிரைவ் சூட்டுலதான் போகுது.

பெட்டியைத் திறக்குறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிட்டேன்னு உடனே கை வைக்காதீங்க. ஒரு பையன் அப்படி ஸ்பேனரை உள்ள விட்டப்ப வந்த தீப்பொறியை நான் பாத்திருக்கேன், அவன் கைக்கு ஒண்ணும் ஆகலன்றது அதிர்ஷ்டம். அந்த டிசி கப்பாசிட்டர் காலியாக நேரம் எடுக்கும், மூடில போட்டிருக்குற 5 நிமிஷமோ 10 நிமிஷமோ முழுசா காத்திருந்து, மீட்டரை டிசில வச்சு டிசி பிளஸ், மைனஸ் டெர்மினல்ல தொட்டுப் பாத்து வோல்ட் பூஜ்யத்துக்கிட்ட இறங்கினப்புறம் ஸ்பேனரை எடுங்க.