முதலில் மருத்துவமனையைப் பாருங்கள்: செவிலியர் படிப்பு, பதிவு, பணி குறித்த வாசகர் கேள்விகள்

மேல்நிலைத் தேர்வு முடிவுகளை ஒட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று கேட்கின்றன. படிப்பை முடித்தவர்களின் கடிதங்களோ சான்றிதழ், சம்பளம், வெளிநாடு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒரே பொருள் குறித்த கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதிலளித்திருக்கிறேன்.

என் மகள் உயிரியல் பிரிவில் 68 சதவீத மதிப்பெண் பெற்றிருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங்கா, டிஜிஎன்எம்மா என்று முடிவெடுக்க இயலவில்லை. இதற்கிடையில் பெங்களூருவில் ஒரு கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் இடம் பெற்றுத் தருவதாக முகவர் ஒருவர் தினமும் அழைக்கிறார். (ஒரு தாய், தருமபுரி)

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. டிஜிஎன்எம் மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. இரண்டில் எதை முடித்தாலும் பதிவுபெற்ற செவிலியராகலாம்; வார்டில் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். வேறுபாடு பின்னால் தெரியவரும். பட்டயம் பெற்றவர் முதுநிலைப் படிப்புக்குச் செல்ல வேண்டுமானால் இடையில் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்விலும், பட்டதாரிகளிடம் கேட்காத முன் அனுபவத்தைப் பட்டயம் பெற்றவர்களிடம் கேட்கிறார்கள்: குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள். ஆகவே வசதியும் மதிப்பெண்ணும் இருந்தால் பட்டப்படிப்பே நல்லது. ஆனால் அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் டிஜிஎன்எம் இடமும், பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. இடமும் ஒருசேரக் கிடைத்தால் நான் தயங்காமல் அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுப்பேன். செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அரசு மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளில் உங்கள் மகள் காணப்போகும் நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும் அதைவிடப் பெரிய காரணம்.

முகவர் விஷயத்தில் என் கருத்து கடுமையானது: பணம் எதையும் கட்டிவிடாதீர்கள். எந்தக் கல்லூரியாயினும் மூன்று ஒப்புதல்களை நீங்களே சரிபார்க்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள மாநிலவாரிப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா, அந்த மாநிலச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, பல்கலைக்கழக இணைப்பு நடப்புக் கல்வியாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பவையே அவை. அதன் பிறகு, கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்பாக அதன் மருத்துவமனையைப் பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங் கல்லூரி தொடங்குவதற்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை (தாய் மருத்துவமனை) வேண்டும் என்பது கவுன்சிலின் நெறிமுறை. அந்த 100 படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்பதைக் காகிதம் சொல்லாது. வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குச் சென்று, மாணவியர் வார்டில் நிற்கிறார்களா என்று பார்த்தால் விளங்கிவிடும். ‘வகுப்புக்கு வராமலேயே படிப்பை முடிக்கலாம்’ என்று முகவர் சொன்னால், உரையாடலை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பயிற்சி நேரங்கள் இல்லாத பட்டம், பின்னாளில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கல்லூரிக்கே கடிதம் எழுதிச் சரிபார்க்கும்போது நிலைத்து நிற்காது.

தமிழ்நாட்டிலேயே முயல்வதானால், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்தும் துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்வுக்கு உரிய நேரத்தில் விண்ணப்பியுங்கள். மேல்நிலை மதிப்பெண் தரவரிசைப்படியே இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊசி போடுவதைவிட மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்கே பயமாக இருக்கிறது. (மாணவி, திருநெல்வேலி)

அந்தப் பயம் நல்ல பயம். அதைப் போக்க வேண்டாம், பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். சொட்டுக் கணக்கை முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லிலிட்டர் திரவம் நான்கு மணி நேரத்தில் செல்ல வேண்டுமானால் மணிக்கு 125 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் சாதாரணக் குழாயில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட்டில் மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. குழாயின் உறையில் அச்சிட்டிருக்கும் சொட்டு எண்ணைப் படிக்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.

இன்சுலின் குறித்துத் தனியாக எச்சரிக்கிறேன். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள குப்பியும், 100 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் உள்ளன. 40-க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் சென்றுவிடும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேராக நரம்பில் ஒருபோதும் செலுத்தக் கூடாது. இவ்விரண்டிலும் பணிமூப்புள்ள சிஸ்டரை அழைத்து இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படிப்பு முடிந்து இரண்டு மாதங்களாகின்றன. பதிவு எண் வருவதற்கு முன்பே பணியில் சேரலாம் என்று ஒரு மருத்துவமனை சொல்கிறது. ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்காக அசல் சான்றிதழ்களைக் கேட்கிறது. கொடுக்கலாமா? (வாசகி, சேலம்)

கொடுக்க வேண்டாம். இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன.

முதலாவது பதிவு. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பட்டமோ பட்டயமோ பெற்றவர் இங்கே பதிவு செய்துகொண்ட பிறகே பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற தாதியர் என்ற இரு தகுதிகளோடு பணியாற்ற முடியும். பதிவுக்கு முன் நீங்கள் செய்யும் வேலை பிற்காலத்தில் அனுபவமாகக் கணக்கில் வராது. அதைவிட முக்கியமாக, வார்டில் தவறு நேர்ந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு ஏதும் இராது. வேறு மாநிலத்தில் படித்தவர்கள் அந்த மாநிலக் கவுன்சிலில் முதலில் பதிந்து, அங்கிருந்து சரிபார்ப்பு பெற்றுத் தமிழ்நாட்டில் பரஸ்பரப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அவர்கள் இன்னும் முன்கூட்டியே தொடங்குவது நலம். இந்தியா முழுவதும் செவிலியர்களுக்கு வழங்கப்படும் தேசியத் தனி அடையாள எண்ணையும் அப்போதே பெற்றுவிடுங்கள்.

இரண்டாவது அசல் சான்றிதழ். கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவுறுத்தியது. சான்றிதழ் அடகுப்பொருள் அன்று என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் எடுத்திருக்கிறது. அசலைக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும், சான்றொப்பமிட்ட நகலைக் கொடுத்துவிட்டு அசலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அவற்றைத் திருப்பிக் கேட்டு எழுத்து மூலம், சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் கோரிக்கை அனுப்ப வேண்டும். வாய்மொழிக் கோரிக்கை எங்கும் பதிவாவதில்லை.

ஒப்பந்தக் காலம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்பதை நான் முற்றிலும் குறை சொல்ல மாட்டேன். புதியவர் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பழக்க மாதங்கள் ஆகும். ஆனால் அதை, விலகுவதை முன்கூட்டியே தெரிவிக்கும் அறிவிப்புக் காலம் என்ற நியாயமான வழியில் கேட்கலாம்.

தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சம்பளம் வீட்டு வாடகைக்கும் உணவுக்குமே சரியாகிறது. சட்டப்படி குறைந்தபட்சம் எவ்வளவு? (செவிலியர், கோயம்புத்தூர்)

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 100-க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மிகாத குறைவு, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மிகாத குறைவு, 50-க்கும் கீழ் என்றால் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமை என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. மாநில அரசு சட்டமாகவோ ஆணையாகவோ ஆக்காதவரை அதைக் காட்டி உங்கள் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆயினும் ஊதியப் பேச்சில் அதை அளவுகோலாக எடுத்துச் சொல்வதற்குத் தடையில்லை. வருங்கால வைப்புநிதி பிடித்தம் முறையாக நடக்கிறதா என்பதையும் பாருங்கள். பணி அனுபவத்துக்கு அதைவிட வலுவான சான்று கிடையாது.

ஆண் செவிலியருக்கு எதிர்காலம் உண்டா? (மாணவர், இராமநாதபுரம்)

உண்டு, ஆனால் எல்லா வாசலும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நார்செட் அறிவிப்புகளில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற விகிதம் இருந்து வருகிறது. இராணுவச் செவிலியர் கல்லூரிகளின் பி.எஸ்சி. பெண்களுக்கு மட்டுமே. அவசர சிகிச்சை, அறுவை அரங்கு, டயாலிசிஸ், மனநலம் ஆகிய பிரிவுகளில் ஆண்களுக்குத் தேவை மிகுதி. தமிழக அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். சேரும்போது பெரும்பாலும் தொகுப்பூதியமாகவே இருக்கும், காலமுறை ஊதியத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மத்திய அரசின் நர்சிங் ஆபீசர் பணியில் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய் என்பதால் அங்கே போட்டி கடுமை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டு அனுபவம் உள்ளது. வளைகுடா, ஜெர்மனி, இங்கிலாந்து ஆகிய மூன்றில் எதற்கு முயல்வது? என் சான்றிதழில் ‘எஸ். பிரியா’ என்றும் கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாகவும் இருக்கிறது, இது தடையாகுமா? (வாசகி, நாகர்கோவில்)

உங்கள் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட அதுவே அவசரமானது. தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனங்களுக்குப் புரிவதில்லை. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தும், பதிவுச் சான்றிதழில் பின்னால் வரும் எழுத்தும், கடவுச்சீட்டில் தந்தை பெயரும் இருந்தால், அவர்கள் கண்ணில் மூன்று வெவ்வேறு ஆட்கள். மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் பெற்றுக்கொள்ளுங்கள். குழுமப் பதிவிலும் அனுபவச் சான்றிதழ்களிலும் இனி கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் வருமாறு கேளுங்கள். அனுபவச் சான்றிதழில் பிரிவின் பெயர், படுக்கைகளின் எண்ணிக்கை, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை இல்லையென்றால் மருத்துவமனையிலிருந்து விலகும் முன்பே திருத்தி வாங்கிவிடுங்கள்.

வளைகுடாவுக்கு, சான்றிதழ்களை அவற்றை வழங்கிய நிறுவனங்களிடமே உறுதிசெய்யும் மூலச் சான்று சரிபார்ப்பும் கணினித் தேர்வும் போதும். மொழித் தடை குறைவு. சில மாதங்களில் புறப்பட்டுவிடலாம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்கள் இ-மைக்ரேட் என்ற இணையவழிப் பதிவு அமைப்பின் வழியாகவே போக வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதித்தது; தமிழ்நாட்டில் இதற்கான அரசு நிறுவனம் சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். உரிமம் பெற்ற முகவராயினும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வாங்க விதி இடம் தராது. இலட்சங்களில் பேசுபவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

ஜெர்மனிக்கு மொழியே வாசல். பி2 எனப்படும் மேல் இடைநிலை வரை ஜெர்மன் கற்க, வேலையையும் பார்த்துக்கொண்டு படித்தால் ஓர் ஆண்டுக்கு மேல் பிடிக்கும். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவன் என அறியப்படும் கோதே நிறுவனத்தில் தேர்வு எழுதலாம். அங்கே போன பிறகும் அந்தந்த மாநில அதிகாரிகள் உங்கள் பாடத்திட்டத்தை ஒப்பிட்டு, குறை காணும் இடத்துக்குத் தகவமைப்புப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ கேட்பார்கள். அதுவரை உதவியாளர் நிலையிலேயே ஊதியம். பொறுமை உள்ளவருக்கு நிலையான வாழ்க்கை உண்டு.

இங்கிலாந்தில் செவிலியர் கவுன்சிலின் கணினித் தேர்வும், அங்கே சென்று எழுதும் செய்முறைத் தேர்வும் உள்ளன. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும். அண்மைக் காலமாக அங்கே வெளிநாட்டுச் செவிலியர் சேர்க்கை வெகுவாகக் குறைந்திருப்பதால், இப்போதைக்கு அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்பேன். உங்கள் அனுபவத்துக்கு, சேமிப்பு உடனே தேவையென்றால் வளைகுடா. குடும்பத்தோடு தங்கும் எண்ணமிருந்தால் ஜெர்மனி.

எம்.எஸ்சி. படிப்பதா, வேறு சிறப்புப் பயிற்சி பெறுவதா? (செவிலியர், மதுரை)

கற்பிக்க விருப்பமென்றால் எம்.எஸ்சி.; அதற்குப் பட்டத்துக்குப் பின் ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். வார்டை விட்டு வர மனமில்லையென்றால் எம்.எஸ்சி. பல நேரங்களில் ஏமாற்றத்தையே தரும், ஏனெனில் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் அதற்கெனத் தனிப் பதவியோ ஊதிய உயர்வோ இருப்பதில்லை. அத்தகையோருக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு பொருந்தும். இரண்டு ஆண்டுகளும் மருத்துவமனையிலேயே பணியோடு இணைந்த முதுநிலைப் பயிற்சி அது. புற்றுநோய், சிறுநீரகம், பச்சிளங்குழந்தை, அறுவை அரங்கு ஆகியவற்றில் ஓராண்டு போஸ்ட் பேசிக் பட்டயங்களும் உள்ளன. சேரும் முன் அந்தப் பிரிவில் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணத்துக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் பணியில் இல்லை. 38 வயதில் திரும்ப முடியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

முடியும். முதலில் குழுமத்தில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துப் புதுப்பியுங்கள். தொடர் செவிலியர் கல்வி நேரங்கள் கேட்கப்பட்டால், குழுமம் ஏற்கும் பயிலரங்குகளில் கலந்துகொண்டு சேர்த்துக்கொள்ளலாம். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியைப் புதிதாகப் பெற்றுவிடுங்கள். நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு விண்ணப்பிக்காமல், பொது வார்டிலோ டயாலிசிஸ் மையத்திலோ ஆறு மாதம் பணியாற்றிக் கைப்பழக்கத்தை மீட்ட பின் விருப்பப் பிரிவைக் கேளுங்கள். இரவுப் பணி குறித்து வீட்டில் முன்னதாகவே பேசி முடித்துவிட்டு நேர்காணலுக்குச் செல்லுங்கள். மேட்ரன் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.