ரெஸ்ட்டு வாங்கணுமா, மணல் மூட்டை போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிரேக் பேரல் (பேரல மடக்கி உள்ள ஸ்ப்ரிங்க இறுக்குற வகை) ஏர் ரைஃபிள் ஒண்ணு வாங்கியிருக்கேன், 0.177 இஞ்ச் அளவுதான். மாடில டேபிள் போட்டு மணல் மூட்டை மேல வச்சு, ஆடக்கூடாதுன்னு நல்லா அழுத்திப் பிடிச்சு 10 மீட்டர்ல அடிக்கிறேன், ஆனா பெல்லட் அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சிதறுது. சும்மா கையில பிடிச்சு அடிச்சாகூட இதவிட பரவால்ல. துப்பாக்கிய தாங்கி வைக்க இரும்புல வர்ற ரெஸ்ட் வாங்கினா சரியாயிடுமா சார்? (வாசகர், கோவை)

வாங்காதீங்க. அந்தக் காசுக்கு ரெண்டு மூணு வகை நல்ல பெல்லட் வாங்கி எது உங்க துப்பாக்கிக்கு ஒத்துப்போகுதுன்னு பாருங்க, அதுல பலன் ஜாஸ்தி. ரெஸ்ட்னா துப்பாக்கிய அசையாம புடிச்சு வைக்கிற சாமான்னு எல்லாருமே நினைக்கிறோம், அங்கதான் கோளாறு. அடிக்கிற நேரத்துல எந்தத் துப்பாக்கியும் அசையத்தான் செய்யும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைய விடணும், ரெஸ்ட்டுக்கு உள்ள வேலை அவ்வளவுதான்.

உங்களோடது மாதிரி ஸ்ப்ரிங் துப்பாக்கில இது இன்னும் மோசம். ட்ரிகர இழுத்ததும் உள்ள ஸ்ப்ரிங் விரிஞ்சு கனமான பிஸ்டன முன்னாடி தள்ளும், அது முன்னாடி ஓடுறப்போ துப்பாக்கி பின்னாடி வரும், அப்புறம் பிஸ்டன் முனைல அமுங்கின காத்துல போய் முட்டி நிக்கிறப்போ துப்பாக்கி திரும்ப முன்னாடி எகிறும். பெல்லட் பேரல விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே இந்த ஆட்டம் தொடங்கிடுது, அதான் சிக்கலே. நீங்க ஒரு தடவை இறுக்கமா ஒரு தடவை லூஸா அமுக்கினா ஒவ்வொரு பெல்லட்டும் வேற வேற திசைல கிளம்பும், இரும்பு மாதிரி கெட்டியான பொருள் மேல வச்சீங்கன்னா துள்ளித் துள்ளி இன்னும் கெடுக்கும்.

இப்படிச் செஞ்சு பாருங்க. மூட்டை மேல இடது கைய மல்லாக்க விரிச்சு வைங்க, உள்ளங்கை மேல துப்பாக்கிய சும்மா உக்கார வைங்க, விரல மடக்கிப் புடிக்காதீங்க. பின்பக்கம் தோள்ல பட்டும் படாம இருக்கட்டும், கன்னத்தையும் போட்டு அமுக்க வேணாம். இதுக்கு ஆர்டிலரி ஹோல்ட்னு பேரு. முதல்ல கை ட்ரிகர் கார்டுக்கு ஒட்டி முன்னால இருக்கட்டும், அஞ்சு பெல்லட் அடிங்க, அப்புறம் கைய ஒரு இஞ்ச் முன்னாடி தள்ளி அஞ்சு, இன்னொரு இஞ்ச் தள்ளி அஞ்சு. ஏதோ ஒரு இடத்துல ஓட்டைங்க பளிச்சுனு ஒண்ணு சேரும். அந்த இடத்துல ஸ்டாக்குல (பேரலத் தாங்குற கட்டைல) சின்னதா டேப் ஒட்டிடுங்க, அடுத்த வாரம் தேட வேண்டியதில்ல.

பிசிபி (முன்னாடியே அழுத்தி நிரப்பி வச்ச காத்துல சுடுற) துப்பாக்கின்னா இந்தக் கூத்தெல்லாம் கிடையாது, அதுல ஓடுற பிஸ்டனே இல்ல, நேரா மூட்டை மேல வச்சு அடிக்கலாம். அப்புறம் டேபிளு! ப்ளாஸ்டிக் டேபிள்னா மேல எதை வச்சாலும் வீண்தான், கைப்பிடிச் சுவரோ சிமெண்ட் திட்டோ இருந்தா அதப் பயன்படுத்துங்க. மாடின்னு சொன்னதால இதையும் கேக்குறேன், டார்கெட்டுக்குப் பின்னால என்ன இருக்கு? பக்கத்து வீட்டு மொட்டை மாடின்னா முதல்ல பெல்லட்ட தாங்குற மாதிரி மண்ணு ரொப்பின பெட்டி வைங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கங்க, ரெஸ்ட்டப் பத்தி பிறகு பேசலாம்.

கேள்வி: மெல்போர்ன்ல இருக்கேன், கிளப் ரேஞ்ச்ல 100 மீட்டர்ல .308 குண்டு போடுற ரைஃபிள்ல அடிக்கிறேன். கையில பைபாட் (துப்பாக்கி முன்னாடி மாட்டுற ரெண்டு கால் தாங்கி) இருக்கு. தோள் வலிக்குதுன்னு சொன்னதும் கூட இருக்கிற பசங்க, துப்பாக்கிய உள்ள வச்சு வெயிட்டு ஏத்தி வைக்கிற ஸ்லெட்ங்கிற சட்டத்த வாங்குன்னு சொல்றாங்க. எது நல்லது?

பெஞ்சுல உக்காந்துதான் அடிப்பேன்னா முன்னாடிக்கு மூணு கால் ரெஸ்ட்டு, பின்னாடிக்கு ஒரு பை. பைபாட் தரைல படுத்து அடிக்க அருமையான பொருள், ஆனா கான்க்ரீட் பெஞ்சுல காலு வழுக்கும், துள்ளும். அதுதான் இருக்குன்னா கீழ ஒரு கார்ப்பெட் துண்டு போட்டு, தோளால லேசா முன்னாடி சாஞ்சு, எப்பவும் அதே அளவு சாஞ்சு அடிங்க.

எல்லாரும் முன் ரெஸ்ட்டுக்கு ஆயிரக்கணக்குல கொட்டிட்டு பின் பைய மறந்துடுறாங்க. முன்னாடி தாங்குற இடத்துலருந்து பின்பக்கம் வரைக்கும் 60 சென்டிமீட்டர்னு வைங்க. பின்னாடி வெறும் 1 மில்லிமீட்டர் ஏறி இறங்கினா 100 மீட்டர்ல குண்டு கிட்டத்தட்ட 16, 17 சென்டிமீட்டர் தள்ளி விழும். ஒரு மில்லிமீட்டர்ங்கிறது நீங்க மூச்சு விட்டாலே வந்துடும், ஸ்கோப்ல உத்துப் பாத்தா நாடித் துடிப்புக்கே குறி ஆடுறது தெரியும். பின்னாடி பை இருந்தா வலது கை ட்ரிகர்ல, இடது கை பைய கசக்கிட்டே இருக்கும், இறுக்கினா பின்பக்கம் ஏறி குறி இறங்கும், விட்டா குறி ஏறும், முழு வேலையும் அந்தக் கசக்கல்லதான்.

ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. பேரல் எது மேலயும் படக்கூடாது, தாங்குறது ஸ்டாக்கோட முன் பகுதிய மட்டும்தான், சுடுறப்போ பேரல் அதிருது, அது ஏதாவது மேல பட்டிருந்தா குண்டு விழுற இடமே மாறிடும். அப்புறம் ஸ்டாக்குக்கு அடியில வார் மாட்டுற சின்ன கொக்கி இருக்குமே, அது முன் பைக்கு ஒட்டி முன்னால இருந்தா துப்பாக்கி பின்னாடி உதைக்கிறப்போ பைல போய் இடிக்கும். ரெண்டு இஞ்ச் தள்ளி வச்சாலே போதும்.

ஸ்லெட் எனக்குப் பிடிக்காது. வெயிட்ட ஏத்தி துப்பாக்கிய நகரவே விடாம பண்ணிட்டா அந்த உதை எங்க போகும்? ஸ்டாக்குலயும் ஸ்கோப் மவுன்ட்லயும்தான் இறங்கும், மர ஸ்டாக் கழுத்துப் பக்கம் விரிசல் விடுறதும் உண்டு. வாங்கியே தீருவேன்னா வெயிட்ட கம்மியா வச்சு கொஞ்சம் வழுக்க விடுங்க. தோள் வலிக்கு நான் முதல்ல பெஞ்சோட உயரத்தத்தான் சந்தேகப்படுவேன், பெஞ்சு தாழ்வா இருந்தா குனிஞ்சு உக்காருவீங்க, அப்போ உதை காறை எலும்புல போய் விழும். ரெஸ்ட்ட உயர்த்தி நிமிந்து உக்காருங்க, நல்ல ரப்பர் பேட் ஒண்ணு போடுங்க.

கேள்வி: பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கிளாஸ்ல சேத்திருக்கோம். கோச் இப்போதைக்கு ஸ்டாண்டு மேல வச்சுதான் அடிக்கச் சொல்றார். போட்டிலயும் அப்படி வைக்கலாமா? வீட்டுக்கு ஒண்ணு வாங்கணுமா? (ஒரு அம்மா, திருச்சி)

போட்டில முடியாதும்மா. நின்னுக்கிட்டு, எதுலயும் சாயாம, இடது முழங்கைய விலா, இடுப்புப் பக்கம் முட்டுக் கொடுத்துதான் அடிக்கணும். துப்பாக்கி 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம், நடுவுல இருக்கிற 10 பாயின்ட் புள்ளியோ வெறும் 0.5 மில்லிமீட்டர். இந்தியாவுக்காக ஏர் ரைஃபிள் அடிக்கிற, கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவனும் அதே மாதிரி நின்னுதான் அடிக்கிறாங்க.

ஆனா கோச் செய்றது சரிதான், அவர நம்புங்க. குறி எப்படித் தெரியணும், ட்ரிகர எப்படி அழுத்தணும்னு கை பழகுறதுக்குள்ள கனத்தையும் தூக்கச் சொன்னா பொண்ணு எல்லாத்தையும் அரைகுறையா கத்துப்பா. ட்ரிகர் பழகினதும் அவரே ஸ்டாண்ட எடுத்துடுவார். வீட்டுக்கு எதுவும் வாங்க வேணாம்.

பாரா ஷூட்டிங்ல எஸ்ஹெச்2 பிரிவுல மட்டும் விதிப்படியே ஸ்ப்ரிங் வச்ச ஸ்டாண்டு உண்டு, கையால துப்பாக்கி கனத்தத் தாங்க முடியாதவங்களுக்காக. 2021ல டோக்கியோலயும் 2024ல பாரிஸ்லயும் பாராலிம்பிக் தங்கம் வாங்கின அவனி லேகரா எஸ்ஹெச்1 (கனத்த கையாலயே தாங்க முடிஞ்சவங்க பிரிவு), அவங்களுக்கு அந்த ஸ்டாண்டு கிடையாது. 50 மீட்டர்ல முட்டி போட்டு அடிக்கிறப்போ கணுக்காலுக்கு அடியில ஒரு உருளை வச்சுக்கலாம், அது உக்காரத்தான், துப்பாக்கிக்கு இல்ல.

கேள்வி: மூட்டைய நானே தைக்கலாமா? என்ன ரொப்பணும்? (வாசகர், மதுரை)

தாராளமா. பழைய ஜீன்ஸ் காலு ஒண்ணு போதும், ரெட்டைத் தையல் போடுங்க. மணல சலிச்சு ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வைங்க, ஈரம் இருந்தா துணியும் மக்கும், துப்பாக்கி இரும்புலயும் துரு ஏறும். முன் மூட்டைய கெட்டியா ரொப்பி நடுவுல கையால குத்தி ஒரு பள்ளம் பண்ணிக்கங்க. பின்னாடி வைக்கிறத முக்கால்வாசி ரொப்பினா போதும், கசக்க இடம் வேணும்ல. தூக்கிட்டு அலையணும்னா பின் பைக்கு மட்டும் அரிசி போடலாம், எலி வந்தா நான் பொறுப்பில்ல.

கேள்வி: வச்சிருக்கிற ரெஸ்ட் சரியா இருக்கான்னு சுடாமலே தெரிஞ்சுக்க வழி உண்டா? (வாசகர், சேலம்)

உண்டு. பெல்லட் போடாம, ஸ்ப்ரிங்கையும் இழுக்காம, குறிய டார்கெட்ல வச்சுட்டு கைய எடுங்க. குறி அங்கயே நிக்கணும். நகர்ந்துச்சுன்னா ரெஸ்ட் தாங்கல, உங்க கைதான் தாங்கிட்டு இருந்திருக்கு. அடுத்து கண்ண மூடி ரெண்டு மூச்சு விட்டுத் திறங்க, குறி ஒரு பக்கமா ஓடியிருந்தா துப்பாக்கிய தோளால தள்ளாதீங்க, ரெஸ்ட்ட நகத்துங்க, இல்ல நாற்காலிய நகத்துங்க. ட்ரிகர் பழக்கத்துக்குன்னு ஸ்ப்ரிங் துப்பாக்கிய பெல்லட் இல்லாம மட்டும் சுட்டுடாதீங்க, தடுக்க காத்து இல்லாம பிஸ்டன் நேரா முனைல போய் மோதும், சீல் போயிடும்.