திமிங்கிலத்தின் சொந்தக்காரர் யார்? – கேள்வி பதில்

கொக்குவில் உயர்தர மாணவி: சேர், பழைய நோட்டில் திமிங்கிலக் கூட்டமான சீற்றேசியா தனி வருணம் என்று இருக்கிறது. இணையத்தில் வேறு மாதிரி. எது சரி?

இணையத்தில் இருப்பதுதான் இன்றைய பாகுபாடு, பிள்ளை. நீலத்திமிங்கிலத்தை எடுத்தால் இராச்சியம் அனிமாலியா (விலங்குகள்), கணம் கோடேற்றா (முதுகுநாணிகள்), வகுப்பு மமேலியா (முலையூட்டிகள்). வகுப்புக்கு அடுத்த படியான வருணம்தான் மாறியது: ஆட்டியோடக்ரைலா, அதாவது இரட்டைக் குளம்பு விலங்குகள். சீற்றேசியா இப்போது அதற்குள் ஓர் உட்பிரிவு. திமிங்கிலத்தை மீன்களிடமிருந்து பிரித்து முலையூட்டிகளில் சேர்த்தவர் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ், 1758இல். அது எந்த முலையூட்டிக்குச் சொந்தம் என்று தெளியத்தான் இத்தனை காலம் எடுத்தது.

அதே மாணவி: குளம்பே இல்லையே சேர், ஆடு மாட்டோடு எப்படிச் சேர்ப்பது?

இதற்கு விடை உங்கள் வீட்டுக் குசினியிலேயே கிடைக்கும். அடுத்த முறை ஆட்டுக்கால் சூப் வைக்கும்போது பின்னங்கால் கணுவில் இருக்கும் சின்ன எலும்பை எடுத்துக் கழுவிப் பாருங்கள். மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடும் பள்ளம் போல ஒரு பள்ளம் இருக்கும். குதிரைக்கும் நாய்க்கும் மேலே மட்டும்தான் கப்பி. இரண்டு பக்கமும் இருப்பது இந்த வருணத்துக்கு மட்டுமே உரிய அடையாளம்.

பாகிஸ்தானில் கிடைத்த, ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டு பழைய திமிங்கில உயிர்ச்சுவடுகள் (கல்லாகிப்போன எலும்புகள்) பற்றி 2001இல் எழுதினார்கள். அந்தத் திமிங்கிலங்களுக்குக் கால்கள் இருந்தன. கணுவில் இதே இரட்டைக் கப்பி! அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டி.என்.ஏ ஒப்பீடும் இதையே காட்டியிருந்தது. இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. முதன்முதல் படித்தபோது எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

குருநகர் கடற்றொழிலாளி: திமிங்கிலச் சுறா திமிங்கிலமா, சுறாவா?

சுறாதான் அண்ணை, முழு மீன். செவுளால் மூச்சு விடும். வாலைப் பாருங்கள்: மீனுக்கு வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் ஆடும். திமிங்கிலத்துக்குக் கிடையாக இருந்து மேலும் கீழும் அடிக்கும். ஓடும் நாயின் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே அசைவுதான் கடலுக்குள்ளும்.

நல்லூர் அம்மா ஒருவர்: மன்னார்க் கடலில் இருக்கும் கடற்பசுவும் திமிங்கில வகையா என்று மகன் கேட்கிறான்.

இல்லை அக்கா. அது புல் மேயும் முலையூட்டி, வருணம் சைரேனியா. அதன் சொந்தம் யானை. பெயர்கள் எப்படிக் குழப்புகின்றன பாருங்கள்: கடற்பசு யானைப் பக்கம், நீர்யானையோ பசுவும் திமிங்கிலமும் இருக்கும் பக்கம். மகன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான், என் பாராட்டைச் சொல்லுங்கள்.

வல்வெட்டித்துறை வாசகர்: டொல்பின்?

அதுவும் சீற்றேசியாதான். பல்லுள்ளவை ஒரு கிளை: டொல்பின், திருகோணமலைப் பக்கம் காணப்படும் எண்ணெய்த் திமிங்கிலம் எல்லாம் அதில். பல்லுக்குப் பதில் வாயில் சல்லடைத் தகடு உள்ளவை மற்றக் கிளை, நீலத்திமிங்கிலம் போல. 2020 நவம்பரில் பாணந்துறையில் கூட்டமாகக் கரையொதுங்கிய பைலட் திமிங்கிலங்கள்கூட டொல்பின் குடும்பம்தான். நம் கரையில் அப்படி ஒன்று உயிரோடு ஒதுங்கினால் ஈரத்துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், தம்பி. தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளையை மட்டும் மூடிவிடாதீர்கள், அதற்குள் தண்ணீரும் போகக்கூடாது. அதுதான் அதன் மூக்கு.