இரண்டாம் வகுப்பின் ஒரு வாரம்: வீட்டில் எவ்வளவு சொல்லிக்கொடுக்கலாம்?

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஜூனில்தான் பெரம்பூரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தோம். அடுத்த வாரம் என்னென்ன நடத்தப்போகிறார் என்று வெள்ளிக்கிழமைதோறும் மிஸ் ஒரு தாள் கொடுத்தனுப்புகிறார். அதை வைத்துத் தினமும் இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது புத்தகத்தை எடுத்தாலே அழுகிறாள். மாமியார் எழுதச் சொல்லிக்கொடுத்த ‘யானை’யை மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். அக்டோபர் பிறந்ததிலிருந்து ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டே திரிகிறாள். நாங்கள் இந்துக் குடும்பம். பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. டியூஷன் வைத்துவிடலாமா? ஜெபத்தைப் பற்றிப் பள்ளியில் கேட்கலாமா?

பதில்: டியூஷன் வேண்டாம் அம்மா. அந்த இரண்டு மணி நேரத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஜெபத்தைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சென்னையில் இதே போன்ற பள்ளிகளில்தான் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்த வாரத் தாளை நானும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பெற்றோர் முன்கூட்டியே நடத்தி முடிக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்து எழுதியதில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்கலாம் என்று உங்களுக்குத் தெரியட்டும், அதற்குத்தான். ‘இன்னிக்கு என்ன நடத்தினாங்க?’ என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் சொல்லும். தாளைப் பார்த்துவிட்டு ‘இன்னிக்கு குச்சி எண்ணினீங்களாமே, எத்தனை கட்டு வந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள், கொட்டித் தீர்த்துவிடுவாள்.

முன்கூட்டியே நடத்துவதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். உங்கள் மகளுக்கு இப்போது இரண்டு ஆசிரியர்கள், இரண்டு வழிகள். கூட்டல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் ‘மனசுல ஏழு, கையில அஞ்சு’ என்று விரலை மடக்கிப் படித்தவர்கள். வகுப்பில் இப்போது ஏழைப் பத்தாக்க மூன்று வேண்டும், ஐந்திலிருந்து மூன்றைக் கொடு, மிச்சம் இரண்டு, ஆகப் பன்னிரண்டு என்று போகிறார்கள். இரண்டும் சரியான வழிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு நீங்கள் விரலில் பழக்கி அனுப்பினால், திங்கட்கிழமை மிஸ் ‘பத்தாக்கு’ என்னும்போது அவள் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். விடை வந்துவிடும், பத்து என்பது ஒரு கட்டு என்ற எண்ணம் வராது. மூன்றாம் வகுப்பில் மூன்று இலக்கக் கணக்கு வரும்போதுதான் இது தெரியவரும்.

இந்தப் ‘பத்து’ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பின் கணக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் ‘முப்பத்தி நாலு’ என்று சொன்னால் 304 என்று எழுதுவான். முப்பதுக்கு 30, நாலுக்கு 4, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். அவனிடம் ஈர்க்குச்சியை ஒடித்துக் கொடுத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடச் சொன்னேன். மூன்று கட்டு, நான்கு உதிரி. ‘கட்டு எத்தனை?’ என்றேன். மூணு என்றான், 3 எழுதினான். ‘உதிரி?’ நாலு என்றான், 4 எழுதினான். பிறகு தான் முதலில் எழுதிய 304-ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அழி ரப்பரை எடுத்து நடுவிலிருந்த பூஜ்யத்தை அவனே அழித்தான். நான் வாய் திறக்கவில்லை.

இங்கே தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் விழும். 13 எழுதச் சொன்னால் 30 எழுதும். தமிழில் பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும், முப்பது என்றால் மூன்று பத்து, சொல்லிலேயே இருக்கிறது. அதனால் பள்ளி ஆங்கில வழியாகவே இருந்தாலும் வீட்டில் தமிழில் எண்ண விடுங்கள். தொண்ணூறு மட்டும்தான் தடுக்கும். ஒன்பது வந்த இடத்தில் நூறு எப்படி வந்தது என்று அவளே கேட்பாள். கேட்டால், நூறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் இல்லையா, அதனால் பேரிலேயே நூறு எட்டிப் பார்க்கிறது என்று சொல்லிவையுங்கள். அந்த வயதுக்கு அது போதும்.

ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று. பள்ளியில் எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்கள் ‘பீ, ஏ, டீ’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்ட வைக்காதீர்கள். அவள் எப்படிக் கூட்டுகிறாளோ அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு வருவோம். மாமியார் எழுதிய யானை தவறில்லை, பழையது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோதுதான் ணை, லை, ளை, னை ஆகியவை இன்றைய வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன்னால் இந்த எழுத்துகளுக்கு மேலே தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா கூட வேறு மாதிரிதான் எழுதினோம். அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் கை இன்னமும் அப்படித்தான் ஓடும். என் அம்மா கடைசி வரை அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் பிள்ளைக்கு இப்போது ஒரே வடிவம் மனதில் நிற்க வேண்டும்.

ர, ற மாறுவதும், ‘வாளைப்பழம்’ என்று எழுதுவதும் இந்த வயதில் சகஜம். நம் சென்னையில் பழத்தைப் ‘பயம்’ என்றும் ‘பளம்’ என்றும்தான் காதால் கேட்கிறாள். பிறகு ழ எங்கிருந்து வரும்? பத்துத் தடவை எழுதச் சொல்லாதீர்கள். காய்கறி நறுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து ‘வாழைப்பழம், கிழங்கு, தாழ்ப்பாள்’ என்று நாக்கை வளைத்துச் சொல்லிக்காட்டுங்கள். காது பழகினால் கை தானாகப் பழகும்.

‘தெரு’வுக்கும் ‘தேர்’க்கும் கொம்பு மாறுகிறதா? அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குக் கூட்டிப்போய் வீரமாமுனிவர் சிலையைக் காட்டுங்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் அதுவும் ஒன்று. ஓலைச்சுவடியில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான். குறிலுக்கு மேல் வைக்க வேண்டிய புள்ளியைப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்று பிரித்துக் கொடுத்தவர் இவர். இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு. 1732-ல் சதுரகராதி தொகுத்தவரும் இவரே. ‘இந்தத் தாத்தாதான் உனக்கு இரட்டைக்கொம்பு கொடுத்தார்’ என்று சொன்னால், அடுத்த முறை கொம்பு போடும்போது அவளுக்கு ஞாபகம் வரும்.

சரி, ஜெபம். அக்டோபர் கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து தொகுதி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. பல பள்ளிகளில் இந்த மாதம் தினமும் ஒரு பத்து மணியாவது சொல்வார்கள். ஒரே வரியைப் பத்து முறை கூட்டமாகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் வாயில் ஒட்டிக்கொள்ளும், தமிழ்த்தாய் வாழ்த்தும் வாய்ப்பாடும் ஒட்டிக்கொள்வது போல. நவம்பர் கடைசி வாக்கில் திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் வாரங்கள், தொடங்கும், குடில், கிறிஸ்துமஸ் பாட்டு என்று வகுப்பு மாறும். அப்போது வேறு பாட்டு முணுமுணுப்பாள்.

பாடமாக நடத்துவது வேறு. வழக்கமாக வாரத்தில் சில பீரியடுகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்களுடைய சமயப் பாடத்துக்குப் போவார்கள், அதே நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. உங்கள் மகள் எதில் உட்காருகிறாள் என்று மிஸ்ஸிடம் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு இதைத்தான் சொல்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. சிறுபான்மைப் பள்ளிக்கும் இது பொருந்தும். சண்டைக்குப் போவது போல இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ‘சிஸ்டர், அசெம்ப்ளியில் நிற்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, சர்ச் பூசைக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்’ என்று பக்குவமாகச் சொன்னால் போதும். அப்படிச் சொன்ன பெற்றோர் என் வகுப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருந்தார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் அவள் ஜெபம் சொல்லும்போது ‘சொல்லாதே’ என்று மட்டும் அதட்டாதீர்கள். காலையில் மிஸ் சொல்லச் சொன்னதைச் சாயங்காலம் பாட்டி கண்டித்தால், நடுவில் நிற்பது அந்தக் குழந்தை. ‘அது உன் பள்ளிக்கூடத்து ஜெபம், நம்ம வீட்டில் இப்படிச் சாமி கும்பிடுவோம்’ என்று இரண்டையும் மரியாதையாகச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்ட கதையையும் சொல்லச் சொல்லுங்கள். 100 ஆட்டில் ஒன்று தொலைந்ததும், 99 ஆட்டையும் விட்டுவிட்டு மேய்ப்பன் அந்த ஒன்றைத் தேடிப்போன கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கும்: ‘மிஸ், மிச்ச ஆட்டை யார் பாத்துக்குவாங்க?’ அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட்டதே இல்லை, ஆளுக்கொரு பதில் சொல்ல வைப்பேன். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. அதே வருடம் மத்திய அரசும் அதை வலியுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது; புத்தகப் பை இந்த வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருந்தது. பள்ளியே கொடுக்கக் கூடாததை நாம் வீட்டில் இரண்டு மணி நேரம் கொடுக்கிறோம். அப்புறம் அவள் அழாமல் என்ன செய்வாள்?

வேண்டுமானால் இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால். பாதி நேரம் அவள் படித்துக்காட்டட்டும். மீதி நேரம் தாளைப் பார்த்து நீங்கள் கேள்வி கேளுங்கள். வெள்ளிக்கிழமை டிக்டேஷன் நோட்டு வந்ததும் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்த மாதிரித் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் முழுக்க அதையே விளையாட்டாகச் செய்யுங்கள். மழைக்கு லீவு விட்டால் தாளில் உள்ளது அப்படியே தள்ளிப்போகும். ஈடுகட்ட வேண்டிய வேலை மிஸ்ஸுடையது, உங்களுடையது இல்லை.

டிசம்பர் வரை பாருங்கள். அதற்குப் பிறகும் ‘படம்’, ‘மரம்’ போன்ற சின்னச் சொற்களைக்கூட எழுத்துக் கூட்டத் திணறினால், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் வரி வரியாக விட்டால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை கண்ணாடியோடு தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு செய்யலாம். சென்னையிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காக இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, களைப்புதான் தெரிகிறது.

திங்கட்கிழமை டைரியில் மிஸ்ஸுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: ‘வீட்டில் முன்கூட்டியே நடத்துவதை நிறுத்திவிட்டேன். அவள் எதில் தடுமாறுகிறாள் என்று வாரம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.’ அன்று சாயங்காலம் ஒரு சிலேட்டை எடுத்துப் பாட்டியின் கையில் கொடுங்கள். புதிய ‘னை’ எப்படி எழுதுவது என்று உங்கள் மகள் பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.